தண்ணீருக்கு வயது சொன்னவர்

போன கோடையில் எங்கள் தோட்டத்தில் மூன்றாவது போர் போட்டோம். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. 620 அடியில் தண்ணீர் பீய்ச்சியடித்ததும் அப்பா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். இது எப்போது பெய்த மழை? போன வருஷத்து மழையா, பாட்டன் காலத்து மழையா? இதற்கு விடை தேடி நூலகத்தில் உட்கார்ந்தபோதுதான் வில்லார்ட் லிபி எனக்கு அறிமுகமானார்.

லிபி 1908-ல் அமெரிக்காவின் கொலராடோவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்க்லியில் படித்து 1933-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மிக மெல்லிய கதிரியக்கத்தையும் பிடிக்கும் எண்ணிகளைத் தன் கையாலேயே செய்து பழகியவர். நம் ஒர்க்‌ஷாப் வாத்தியார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்!

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் கார்பன்-14, டிரிட்டியம் என்ற இரண்டையும் ஓயாமல் உண்டாக்குகின்றன என்று 1946-ல் எழுதினார். சொன்னால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? அதற்கு அவர் போய் நின்ற இடம் பால்டிமோர் நகரத்துச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையம்! அங்கு கிடைத்த மீத்தேனில் கார்பன்-14 இருந்தது. பெட்ரோலியத்திலிருந்து வந்த மீத்தேனில் இல்லை. புதியதில் உண்டு, மிகப் பழையதில் தேய்ந்துவிட்டது. அவ்வளவுதான் சூத்திரம்.

அளப்பதுதான் பெரும்பாடு. சுற்றுப்புறக் கதிர்வீச்சின் இரைச்சலில் மாதிரியின் குரல் கேட்காது. தடித்த இரும்புக் கவசத்துக்குள் எண்ணியை வைத்து, அதைச் சுற்றி வேறு எண்ணிகளைக் காவல் நிறுத்தினார். வெளியிலிருந்து வரும் துகள் காவல் எண்ணியையும் தட்டும். அந்தக் கணக்கைத் தள்ளிவிடலாம். 1949-ல் எகிப்து மன்னர் ஜோசரின் கல்லறை மரத்தை அளந்தபோது வரலாற்றுக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. 1960-ல் நோபல் பரிசு வந்தது.

தண்ணீர் கதைக்கு வருகிறேன். டிரிட்டியம் என்பது கனமான ஹைட்ரஜன். நீரின் மூலக்கூறிலேயே உட்கார்ந்து மழையோடு இறங்கும். 12.3 வருஷத்தில் பாதியாகும். மண்ணுக்குள் போய்விட்டால் புது டிரிட்டியம் சேராது, இருப்பது தேயும். 1954-ல் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள் மழையில் டிரிட்டியத்தை ஏற்றிவிட்டன. அந்தச் சுவடை வைத்தே நிலத்தடியில் எவ்வளவு நீர், எத்தனை காலம் தங்குகிறது என்று லிபி கணக்கிட்டார். ஆயிரக்கணக்கான வருஷத்து நீருக்குக் கார்பன்-14 கைகொடுக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் என்ற விஞ்ஞானி 1957-ல் அதை நிலத்தடி நீருக்குப் பயன்படுத்திக் காட்டினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. லிபி 1954 முதல் 1959 வரை அமெரிக்க அணுசக்தி ஆணையத்தில் இருந்தார். குண்டுச் சோதனைகளை ஆதரித்தார். கதிரியக்கத் தூசியால் பெரிய ஆபத்தில்லை என்று வாதாடினார். பல விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். 1961-ல் வீட்டுத் தோட்டத்தில் சிக்கனமாக ஒரு பதுங்கிடம் கட்டினார். அதே வருஷம் வந்த காட்டுத்தீயில் அது எரிந்தே போனது! மேதை என்றாலும் மனுஷன்தானே. 1980-ல் காலமானார்.

குண்டு விட்டுச் சென்ற டிரிட்டியம் இன்று பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. ஆனால் அவர் காட்டிய வழி தேயவில்லை. ஒரு நீர் பழையது என்று தெரிந்தால், எடுத்த வேகத்தில் அது திரும்ப ஊறாது என்று புரிந்துகொள்ளலாம். அது தாத்தா சேர்த்த சொத்து. சம்பளப் பணம் இல்லை.

எங்கள் நீரை யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆனாலும் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் வறண்டுபோன முதல் போரைச் சுற்றி இருவரும் குழி வெட்டினோம். ஜல்லியும் மணலும் நிரப்பி, கூரைத் தண்ணீரை அதில் திருப்பிவிட்டிருக்கிறோம். சிவில் படிக்கும் நண்பர்களே, இன்னொரு போர் போடும் முன் உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சை எடுங்கள்.

– இரண்டாம் ஆண்டு, சிவில்