பாவைக்கு உயிரீந்த புலவர்

நாணமற்றவரின் நடமாட்டத்துக்குக் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையை உவமை காட்டினார் வள்ளுவப் பெருந்தகை. உள்ளே உயிரில்லை; உயிர் உள்ளது போன்ற மயக்கம் மாத்திரமே உண்டு என்பது அவர் கருத்து. அவ்வுயிரற்ற மரத்தைக் கொண்டே, மானமும் நாணமும் உடைய எளிய மாந்தரின் துயரத்தை உலகறியச் செய்த புலவர் ஒருவர் கீழ்த்திசையிலே வாழ்ந்தார். யப்பானிய நாடகாசிரியருள் தலையாயவரெனப் போற்றப்பெறும் சிக்கமத்சு மொன்சயேமொன் என்பாரே அவர்.

இவர் 1653 ஆம் ஆண்டில் எச்சிசென் நாட்டிலே, சாமுராய் எனப்படும் போர்மறவர் குடியிற் பிறந்தார். இயற்பெயர் சுகிமோரி நொபுமோரி. தந்தையார் தம் பணியை நீங்கியபின், குடும்பம் பேரரசர் வீற்றிருந்த கியோத்தோ நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆங்கு உயர்குடிப் பெருமக்களின் இல்லங்களிற் பணிபுரிந்த இளைஞர், பழைய இலக்கியங்களையும் பௌத்த நூல்களையும் கற்றுத் தேர்ந்தார். கூத்தரை இழிந்தோரென ஒதுக்கிய காலம் அது. மறவர் குடியிற் பிறந்தவர் கூத்தரோடு சேர்வது குலத்துக்கு இழுக்கெனப்பட்டது. எனினும் சிக்கமத்சு வாளை விடுத்து எழுதுகோலை ஏந்தினார். 1683 இல் அரங்கேறிய சோகா உடன்பிறந்தார் கதையே அவர் இயற்றியதென ஐயமின்றித் தெரிந்த முதல் நாடகம். நூலாசிரியர் பெயர் வெளிவராத அந்நாளில் தம் பெயரை அவர் பொறிப்பித்தமை செருக்கெனவும் பழிக்கப்பட்டது.

யோருரி என்னும் அப்பாவைக் கூத்து முத்திறத்தார் தொழிலால் அமைவது. ஒருவர் கதையை இசையோடு உரைப்பார். ஒருவர் மூன்று நரம்புடைய சமிசென் என்னும் கருவியை மீட்டுவார். ஏனையோர் பாவையைக் கயிறின்றிக் கையாலே தாங்கி ஆட்டுவர். மூவர் கூடி ஒரு பாவையை ஆட்டும் முறை 1734 இலே தோன்றியது. சிக்கமத்சு காலத்தில் ஒரு பாவைக்கு ஒருவரே. எல்லாப் பாத்திரங்களுக்கும் உரைப்பவர் ஒருவரே குரல் கொடுத்தலின், பாவைக்கு உயிராய் நிற்பது புலவன் சொல்லேயாம்.

அச்சொல்லுக்கேற்ற குரல் ஒசாக்காவிலே கிடைத்தது. தக்கேமோத்தோ கிதாயு என்னும் பெரும்பாடகர் 1684 இல் ஆங்குத் தம் அரங்கை நிறுவினார். இருவர் நட்பும் பாவைக் கூத்தைப் புதுநெறிப்படுத்தியது. இடையிலே சில ஆண்டுகள் சிக்கமத்சு, சக்காத்தா தோயூரோ என்னும் நடிகருக்காகக் கபூக்கி நாடகங்கள் எழுதினார். பின்னர்ப் பாவைக்கே மீண்டார். நடிகர் தாம் விரும்பியவாறு சொல்லை மாற்றுவர், பாவையோ மாற்றாது. அதுவே அவர் மீண்டமைக்கு ஒரு காரணமென ஆய்வாளர் கருதுவர்.

1703 இல் ஒசாக்காவை அடுத்த சொனேசாக்கிச் சோலையிலே, வணிகர் கடைப் பணியாளன் ஒருவனும் கணிகை ஒருத்தியும் ஒருங்கே உயிர்நீத்தனர். ஒரு திங்களுக்குள் அந்நிகழ்ச்சி சிக்கமத்சுவின் நாடகமாயிற்று. நண்பனை நம்பிப் பணம் கொடுத்துப் பொய்ப்பழியும் சுமந்த தொக்குபேய், காதலி ஒகத்சுவின் திண்ணையடியில் ஒளிந்திருக்கிறான். பகைவன் மேலே வீற்றிருக்க, அவள் தன் காலால் அவன் உள்ளத்தை வினவுகிறாள். அவனோ அவள் பாதத்தைத் தன் கழுத்திலே வைத்து, இறக்கத் துணிந்தமையைப் பேசாமலே உணர்த்துகிறான். மன்னரும் மறவருமே தலைமக்களாய் நின்ற அரங்கில், சோயாச் சாறு விற்கும் கடையின் ஏவலாளன் தலைமகனானான். மக்கள் திரண்டனர், கடனில் மூழ்கிய அரங்கு கரையேறியது.

1714 இல் கிதாயு மறைந்தார். அரங்கின் எதிர்காலம் கேள்விக்குறியாய் நின்ற வேளையில், மறு ஆண்டே கொக்செங்கா போர் நாடகத்தை அளித்தார் சிக்கமத்சு. அது 17 திங்கள் தொடர்ந்து நடைபெற்றது. யாழ்ப்பாணத்தை 1658 இற் கைப்பற்றிய அதே ஒல்லாந்தரை 1662 இல் தைவானினின்றும் அகற்றிய வீரனே அந்நாடகத் தலைவனுக்கு மூலமானவன் என்பது நாம் கருதத்தக்கது.

1721 தொடக்கத்தில் அரங்கேறிய அமியிமா நாடகம் அவர் கலையின் முடி எனலாம். கடிதவாணிபன் யிகேயின் மனைவி ஒசான், தன் கணவனைக் கைவிடுமாறு கணிகை கொகாருவை வேண்டி மடல் எழுதுகிறாள், கணிகையும் இசைகிறாள். பின் அவள் இறக்கத் துணிந்தாளென அறிந்த ஒசான், தன் ஆடைகளை அடகுவைத்தும் அவளை மீட்க முனைகிறாள். நல்லோர் கடமையும் அன்புமே ஒன்றோடொன்று மோதி அழிவு விளைக்கும் அவலம் இது.

இறப்பைக் கண்டு இறப்போர் பெருகினரெனக் கருதிய அரசு, 1723 இல் இத்தகு நாடகங்களைத் தடைசெய்தது. அரசின் அச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும் சிக்கமத்சு இறப்பைப் போற்றினாரல்லர். வாழ வழியற்றோரின் நெஞ்சத்தைக் காட்டினார். துயரமென்று வாயாற் கூறுவதன்று, நிகழ்ச்சியே துயரமாய் நிற்றல் வேண்டுமென்பதும், உண்மைக்கும் பொய்ம்மைக்கும் இடைப்பட்ட நுண்ணெல்லையிலே கலை வாழ்கிறதென்பதும் அவர் கொள்கை. மெய்ப்பாட்டியல் கற்ற நமக்கு அது புதிதன்று.

ஏறக்குறைய நூறு பாவை நாடகங்களை யாத்த அப்பெருமகனார் 1725 சனவரியில் மறைந்தார். நெடுங்காலம் பாவையரங்கில் ஆடப்படாதிருந்த சொனேசாக்கி நாடகம் 1955 இல் மீண்டும் அரங்கேறியது. 2003 இல் யுனெஸ்கோ அக்கலையை மானிடப் பெருஞ்செல்வமென அறிவித்தது. ஏவலாளனுக்கும் கணிகைக்கும் மானம் உண்டென்பதை உலகுக்கு உணர்த்த, உயிரில்லாத மரமே போதுமாயிற்று.