நிலம் எடுக்கும் அதிகாரமும் அண்ணல் அம்பேத்கரும்

ஊராட்சி அலுவலகச் சுவரில் நில எடுப்பு அறிவிப்பு ஒட்டப்பட்டால் நம் தெருக்களில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். ஆதிதிராவிடர் நலத் துறை வீட்டுமனை கொடுப்பதற்காக எடுக்கிறது என்றால் நிம்மதி. சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நம் கால் காணியை எடுக்கிறார்கள் என்றால் கலக்கம். எடுக்கும் அதிகாரம் ஒன்றுதான். ஒருநாள் நமக்காக வருகிறது, மறுநாள் நம் மேலேயே வருகிறது. இந்த இரண்டு பக்கத்தையும் தம் வாழ்நாளில் பார்த்தவர் அண்ணல் அம்பேத்கர். இட ஒதுக்கீட்டையும் கல்வியையும் பற்றி அவர் சொன்னதை மேடைதோறும் பேசுகிறோம். நிலத்தைப் பற்றி அவர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் போராடியதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணத்தில் ரத்தினகிரி மாவட்டம். அந்தப் பகுதியின் மகர் மக்களுக்கு 'வதன்' என்ற பெயரில் சிறு துண்டு நிலம் இருந்தது. அதற்கு ஈடாக அரசாங்கத்துக்கும் ஊருக்கும் இரவு பகல் பாராமல் ஊழியம் செய்ய வேண்டும். சேதி கொண்டு போவது, எல்லை காட்டுவது, அதிகாரி வந்தால் உடன் நடப்பது என்று வேலைக்குக் கணக்கே கிடையாது. நம் பக்கத்து வெட்டியான் மானியத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலம் இருக்கும், உரிமை இருக்காது. ஊழியத்தில் குறை கண்டால் பிடுங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917-இல் பரோடா அரசுப் பணிக்குப் போனவருக்கு அந்த ஊரில் குடியிருக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். அடுத்த ஆண்டே இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஒரு பொருளாதாரக் கட்டுரை எழுதினார். நிலம் சிறியதாக இருப்பது மட்டுமே கோளாறு அல்ல, அதில் போட முதலும் கருவியும் இல்லாததும், மக்கள் அனைவரும் நிலத்தையே நம்பிக் கிடப்பதுமே கோளாறு என்பது அவர் வாதம். இருபத்தேழு வயது அப்போது.

பம்பாய் சட்டமன்ற மேலவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1928-இல் வதன் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். ஊழியம் வேண்டுமென்றால் அரசு சம்பளம் கொடுக்கட்டும், நிலத்தை மற்ற விவசாயிகளைப் போல முழுத் தீர்வை கட்டி மகர் மக்களே சொந்தமாக வைத்துக்கொள்ளட்டும் என்பதே அதன் சாரம். அது சட்டமாகவில்லை. சட்டமாகாதது மட்டுமா, வதன் நிலத்தின் மீது அரசு கூடுதல் வரி போட்டது. அதை எதிர்த்து 1939 டிசம்பரில் ஹரேகாவ்ன் என்ற ஊரில் அவர் தலைமையில் மாநாடு கூடியது. கூலியில்லாத வேலையையும் வாங்கிக்கொண்டு வரியையும் ஏற்றும் அரசு அது. நிலத்தைப் பிடுங்க எப்போதும் புல்டோசர் தேவைப்படுவதில்லை.

மகத் போராட்டத்தை நாம் தண்ணீர்ப் போராட்டம் என்று மட்டும் படிக்கிறோம். 1927 மார்ச் 20 அன்று சவதார் குளத்தில் அவரும் மக்களும் தண்ணீர் அருந்தினார்கள். உடனே சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்குப் போய் வைத்த வாதம் என்ன தெரியுமா? அது பொதுக் குளமல்ல, தங்கள் தனிச்சொத்து என்பதுதான். டிசம்பரில் இடைக்காலத் தடையும் வாங்கினார்கள். அந்தத் தடைக்குக் கட்டுப்பட்டு இரண்டாவது முறை குளத்தில் இறங்குவதை அண்ணல் தள்ளிவைத்தார். வழக்கு பத்தாண்டு நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. தனிச்சொத்துரிமை என்ற சொல் யார் கையில் எப்படி வளையும் என்பதற்கு அவருக்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

அதே 1937 செப்டம்பரில் கோத்தி முறையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். கொங்கணத்தில் கோத்துகள் என்ற இடைத்தரகர்கள் அரசுக்கு வரி வசூலித்துக் கொடுப்பவர்களாக வந்து, குடியானவனின் எஜமானர்களாகவே ஆகியிருந்தார்கள். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் அவர் தலைமையில் பம்பாய் சட்டமன்றம் நோக்கி ஊர்வலம் போனார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோத்துகளின் உரிமையைப் பறித்து உழுகிறவனிடம் கொடுக்கச் சொன்ன அந்த மசோதாவே, கோத்துகளுக்கு நியாயமான இழப்பீடு தரவும் இடம் வைத்திருந்தது. எதிரியின் சொத்தையும் சும்மா எடுக்கச் சொல்லவில்லை அவர்.

1947-இல் பட்டியல் சாதிகள் சம்மேளனத்தின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்குக் கொடுத்த திட்டத்தில் இன்னும் ஒருபடி மேலே போனார். விவசாய நிலம் முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டு, சாதி பார்க்காமல் ஊர் மக்களிடம் கூட்டுப் பண்ணையாகக் கொடுக்க வேண்டும். ஊரில் நிலக்கிழாரும் குத்தகைக்காரரும் நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது. அங்கேயும் நிலத்தைக் கொடுத்தவருக்கு மதிப்புக்கு ஈடான கடன் பத்திரம் உண்டு, அதற்கு வட்டி உண்டு. இதைப் படிக்கும்போது நமக்குத் தோன்றுவது இதுதான்: சொத்தைப் புனிதமாக அவர் நினைக்கவில்லை, அதேசமயம் எடுக்கும் கை கணக்குச் சொல்ல வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

அரசியல் சட்டத்தில் இந்த எண்ணம் இடம்பெறவில்லை. வரைவுக் குழுவின் தலைவர் அவர்தான் என்றாலும் சொத்துரிமைப் பிரிவை முடிவு செய்தவர்கள் காங்கிரஸ் தலைவர்கள். முழு இழப்பீடு வேண்டும் என்று படேல், இழப்பீட்டில் விருப்பமில்லாத நேரு, தம் மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம் தப்பிப் பிழைக்க வேண்டும் என்று கோவிந்த வல்லப பந்த். மூவரும் இழுத்த இழுப்பில் உருவானது 31-ஆவது பிரிவு. 1949 செப்டம்பரில் அதை சபையில் முன்வைத்தவரும் நேருதான். ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் நீதிமன்றத்தில் சிக்கியபோது, 1951-இல் முதல் திருத்தம் வந்தது. சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். அந்த ஆண்டு செப்டம்பரில் அமைச்சர் பதவியை விட்டு விலகினார்.

பிறகு மேற்கு வங்க வழக்கு ஒன்று வந்தது. அகதிகளைக் குடியமர்த்த எடுத்த நிலத்துக்கு 1946 டிசம்பர் கடைசி நாளின் விலையைத் தாண்டித் தர மாட்டோம் என்றது அந்த மாநிலச் சட்டம். அது செல்லாது, இழப்பீடு சொத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பதிலுக்கு, இழப்பீடு போதுமா என்று நீதிமன்றம் கேட்கவே கூடாது என்று 1955-இல் நான்காம் திருத்தம் கொண்டுவந்தார்கள். மாநிலங்களவையில் மார்ச் 19 அன்று அண்ணல் எழுந்தார். 31-ஆவது பிரிவுக்குத் தாமோ வரைவுக் குழுவோ பொறுப்பல்ல என்று சொல்லி, மூன்று தலைவர்களின் இழுபறியை அவையில் போட்டு உடைத்தார். பந்த் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கண்ணால் காணவும் பிடிக்காத பிரிவு என்ற அளவுக்குக் கடுமையாகப் பேசினார். உடல் தளர்ந்திருந்த காலம். அடுத்த ஆண்டு டிசம்பர் 6-இல் மறைந்தார். வதன் ஒழிப்புச் சட்டத்தை பம்பாய் அரசு நிறைவேற்றியது 1958-இல், அவர் போய் இரண்டு ஆண்டு கழித்து.

31-ஆவது பிரிவை 1978-இல் நீக்கிவிட்டார்கள். சட்டத்தின் அதிகாரமின்றி யார் சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற 300-ஏ பிரிவுதான் இப்போது மிச்சம். அதிகாரத்துக்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டது 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும். அரசு ஒப்படை செய்த நிலத்தை வைத்திருப்பவரும், அந்த நிலத்தையே நம்பி மூன்றாண்டு கூலி வேலை செய்தவரும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கு எடுத்த அளவோ இரண்டரை ஏக்கரோ, எது குறைவோ அந்த அளவு நிலம் மாற்றாகத் தர வேண்டும். ஆனால் தமிழகத்தில் நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நில எடுப்புச் சட்டம், நமக்கு வீட்டுமனை தரும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் சம்மதம், சமூகத் தாக்க ஆய்வு இரண்டிலிருந்தும் விலக்கு வாங்கிவிட்டார்கள். உயர் நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்றது. அரசு புதுச் சட்டம் போட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நம் வீட்டுமனைச் சட்டத்தைத் தொழிற்பேட்டையோடு ஒரே கயிற்றில் கட்டியது நமக்கு நல்லதா என்று நம் அமைப்புகள் உட்கார்ந்து பேசவில்லை. பேச வேண்டும்.

இதைவிட அவசரமானது பஞ்சமி நிலம். ஆட்சியர் திரமென்கீர் அறிக்கைக்குப் பின் 1892-இல் தொடங்கி நம் மக்களுக்குக் கொடுத்த நிலம், வெளியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. காரணையில் அப்படிப்பட்ட நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலையை அகற்றியதை எதிர்த்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது, துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். இன்று அத்தகைய நிலம் ஒரு திட்டத்துக்குள் வந்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே இழப்பீடு போகும். கைமாறிய நிலமென்றால், வாங்கியவர் பணத்தோடு போவார், நிலமும் நிரந்தரமாகப் போகும். 2013 சட்டப்படி முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் ஆட்சேபனை தரலாம். கணினிப் பட்டாவை மட்டும் பார்த்தால் போதாது. பழைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, அதையும் ஆட்சேபனை மனுவோடு இணைக்க வேண்டும்.