ஈரத்தை அளந்த பொறியாளர்

கேரியர் என்றதும் நம்மில் பலர்க்குச் சோறு கொண்டுபோகும் அடுக்குப் பாத்திரம் நினைவுக்கு வரும். சற்று வசதியுள்ளவர்க்குக் குளிர்சாதனப் பொறியின்மேல் எழுதிய பெயர் நினைவுக்கு வரும். அப்பெயர் ஒரு மனிதருடையது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அம்மனிதர் முதன்முதலில் எதிர்த்து நின்ற பகை வெப்பம் அன்று, ஈரமே என்பதை அறிந்தோர் அவர்களிலும் சிலர். வில்லிஸ் கேரியர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் ஆனி, ஆடியில் சுவரெல்லாம் வியர்க்கும் மலையில் வளர்ந்த எனக்கு, அவர் வரலாறு அயல்நாட்டார் கதையாகத் தோன்றவில்லை. நம் மன்றத்தில் மூணாறு, பீருமேடு, உடும்பன்சோலைப் பக்கத்தினர் இருக்கிறோம். சித்தூர், கொல்லங்கோடு, வேலந்தாவளம் பக்கத்தினரும் இருக்கிறோம். நம் வீடுகளுக்குப் பயன்படும் வரலாறு என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆங்கோலா என்னும் சிற்றூரில் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கேரியர் பிறந்தார். உழவுக் குடும்பம், அவர் ஒரே பிள்ளை. அவருடைய அன்னையார் கடிகாரமும் தையல் பொறியும் பழுதானால் தாமே பிரித்துச் சீர்செய்யும் திறமுடையவர். சிறுவனுக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை. அன்னையார் அவனை அடிக்கவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. நிலவறையிலிருந்து ஆப்பிள் பழங்களை எடுத்துவரச் சொல்லி, பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் நறுக்கிக் காட்டினார். கூட்டலும் கழித்தலும் கண்முன்னே நடந்தன. கண்ணுக்குத் தெரியாததைக் கைக்கு அகப்படும் அளவாக மாற்றிக்கொண்டால் எதுவும் விளங்கும் என்ற பாடத்தை அன்று அவர் கற்றார். வாழ்நாள் முழுவதும் அப்பாடமே அவருக்குத் துணை நின்றது. பதினொரு வயதில் அன்னையை இழந்தார்.

வறுமை அவர் கல்வியைத் தடுத்தது, ஆனால் நிறுத்தவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்தபின் சில காலம் ஆசிரியராக இருந்தார். பின்னர் உதவித்தொகை பெற்றுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். புல் வெட்டியும், அடுப்புகளுக்கு நிலக்கரி இட்டும், உணவு பரிமாறியும் செலவுக்குப் பொருள் தேடினார். 1901இல் பட்டம் பெற்று, பஃபலோ ஃபோர்ஜ் என்னும் தொழிற்சாலையில் வாரம் 10 டாலர் ஊதியத்தில் அமர்ந்தார்.

மறு ஆண்டே அவர்முன் ஒரு சிக்கல் வந்தது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்றோர் அச்சகம் இருந்தது. வண்ணப் படங்களை அங்கே ஒவ்வொரு வண்ணமாக அடுத்தடுத்து அச்சிடுவர். கோடையில் காற்றில் ஈரம் மிகும்போது தாள் நீரை உறிஞ்சி விரியும்; ஈரம் குறையும்போது சுருங்கும். நேற்று அச்சிட்ட சிவப்பின்மேல் இன்று அச்சிடும் நீலம் பொருந்தாது. மையும் உலராது. தாளும் வீண், உழைப்பும் வீண். நம் சிவகாசியில் வறண்ட காற்று அச்சுத் தொழிலுக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் இயற்கை தந்த துணையாக வாய்த்தது. புரூக்ளினுக்கு அந்தப் பேறு இல்லை. அதனைப் பொறியால் உண்டாக்கித் தர முடியுமா என்பதே இளைஞர் கேரியரிடம் கேட்கப்பட்ட கேள்வி. அப்பொழுது அவருக்கு வயது 25; இன்று எனக்குள்ள வயதைவிட இரண்டே ஆண்டு மிகுதி.

முதலில் அவர் உப்பு வழியை நாடினார். கால்சியம் குளோரைடு கரைசலில் நனைத்த சாக்குத் துணி வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தார். அவ்வுப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. காற்று உலர்ந்தது உண்மையே. ஆனால் உப்பும் காற்றோடு கலந்து வந்து இரும்பைத் துருவேற்றும் நிலை ஏற்பட்டது. அவ்வழியைக் கைவிட்டார். இன்று அலமாரியில் வைக்கக் கடைகளில் விற்கும் வெள்ளைப் பரல் டப்பாக்கள் பலவற்றில் இருப்பதும் அதே உப்புதான். ஒரு பெட்டிக்கோ அலமாரிக்கோ அது போதும். ஓர் அறைக்குப் போதாது.

அடுத்து அவர் குளிரை நாடினார். வெப்பக் காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். ஒரு கனமீட்டர் காற்று 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியையும், 20 பாகையில் 17 கிராமையும், 10 பாகையில் 9 கிராமையும் தாங்கும். ஆகவே காற்றைக் குளிரச் செய்தால், தாங்க முடியாத நீர் தானே சொட்டும். எந்த வெப்பநிலையில் சொட்டத் தொடங்குகிறதோ அதனைப் பனிநிலை என்கிறோம். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின்மேல் காற்றைச் செலுத்தி, நீரைப் பிரித்து, அறையின் ஈரப்பதத்தை நூற்றுக்கு 55 அளவில் நிறுத்தும் திட்டத்தை அவர் வரைந்தார். அவ்வரைபடம் நாளிட்டது 1902 ஜூலை 17. குளிர்சாதனக் கலையின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்நாளே. குளிர்ச்சிக்காக அன்று, ஈரம் நீக்குவதற்காகவே அது பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் பிட்ஸ்பர்க் நகரத்து இரயில் நிலையத்தில், மூடுபனி சூழ்ந்த ஒரு பொழுதில், அவர் வண்டிக்குக் காத்திருந்தார். அப்பனியைப் பார்த்தபோது ஓர் எண்ணம் பிறந்தது. மூடுபனிக் காற்று முழுதும் நிறைவுற்ற காற்று. ஆனால் குளிர்ந்திருப்பதால் அதிலுள்ள நீராவி சிறிதே. எனவே விரும்பிய வெப்பநிலையில் நீரைத் தூவிச் செயற்கை மூடுபனி உண்டாக்கி, காற்றை அதனூடே செலுத்தினால், எவ்வளவு ஈரம் வேண்டுமோ அவ்வளவே நிற்கும். நீரைத் தூவியே காற்றை உலர்த்தலாம்! முரண்போல் தோன்றும் இவ்வுண்மையே 1906இல் அவர் பெற்ற காப்புரிமைக்கு அடிப்படை. தாளுக்கு ஈரம் பகை. பஞ்சுக்கோ ஈரம் துணை. காற்று வறண்டால் நூல் அறும். ஆகவே ஒரே விதியைக் கொண்டு அச்சகத்தில் ஈரத்தைக் குறைக்கவும் நூற்பாலையில் ஈரத்தைக் கூட்டவும் முடிந்தது. வாளையாறு தாண்டினால் வரும் கோயம்புத்தூரின் நூற்பாலைகளில் காற்றுக்கு ஈரம் ஊட்டும் ஏற்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். 1907இல் ஜப்பானின் யோக்கஹாமா நகரப் பட்டாலைக்கும் கேரியர் பொறி சென்றது. 1911இல் காற்றின் வெப்பம், ஈரம், பனிநிலை ஆகியவற்றைப் பிணைக்கும் சமன்பாடுகளைப் பொறியாளர் அவையில் படைத்தார். இன்றும் அத்துறை மாணவர் கையாளும் ஈரப்பத வரைபடத்துக்கு அதுவே அடித்தளம்.

அவர் வாழ்வில் இடர்களும் வந்தன. 1914இல் அவர் பணியாற்றிய நிறுவனம் இத்துறையிலிருந்து விலக முடிவு செய்தது. கேரியர் சோர்ந்துவிடவில்லை. 1915 ஜூனில் அவரோடு சேர்த்து எழுவர், தம் சேமிப்பைத் திரட்டிப் புதிய நிறுவனம் கண்டனர். 1922இல் பெருங்கட்டிடங்களுக்கு ஏற்ற சுழல்விசைக் குளிர்ப்பொறியை வெளியிட்டனர். 1925இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கம் அதனால் குளிர்ந்தது. பொதுமக்கள் கூட்டங் கூட்டமாக வந்தனர். 1950 அக்டோபர் 7ஆம் நாள், தம் 73ஆம் வயதில், கேரியர் இயற்கை எய்தினார்.

இவ்வரலாற்றில் நம் சிந்தனைக்குரிய ஒன்று உண்டு. அவர் பொறி எவர்க்கு முதலில் உதவிற்று? தாளுக்கு உதவிற்று, பஞ்சுக்கும் பட்டுக்கும் உதவிற்று. மனிதன் முறை பின்னரே வந்தது. அதிலும் செல்வனே முன் நின்றான். 1914இல் மினியாப்பொலிஸ் நகரில் ஒரு பெருஞ்செல்வரின் மாளிகைக்காக அமைந்த பொறி 20 அடி நீளமுடையது. அம்மாளிகையைக் கட்டத் தொடங்கியவரோ அது முடியுமுன்னே இறந்துபோனார். ஏழையின் வீடு வரிசையின் கடைசியில் நின்றது. இன்னும் நிற்கிறது.

நம் மலையில் மட்டும் வேறு நிலையா? தேயிலைத் தொழிற்சாலையில் இலையின் ஈரத்தை நூற்றுக்கு 3 அளவுக்கு வரும்வரை உலர்த்துவர். ஏலக்காய் ஸ்டோரில் நூற்றுக்கு 80 பங்கு நீருள்ள பச்சைக் காயை 10 பங்கு அளவுக்குக் கொண்டுவர இரவெல்லாம் விழித்துக் கிடப்பர். இலைக்கும் காய்க்கும் அளவு உண்டு. அவற்றைப் பறித்தவள் உறங்கும் அறைக்கு அளவு இல்லை. கம்பத்திலிருந்து என் தாத்தா ஏறி வந்த தோட்டத்து லயத்தில், பாயின் அடிப்புறம் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பள்ளிச் சான்றிதழ்களை என் அம்மா அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்துக் காப்பார். அதில் அறிவியல் உண்டு. 16 பாகையில் நூற்றுக்கு 90 ஈரப்பதமுள்ள காற்றை 21 பாகைக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 66 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் அந்தப் புகையே அப்பத்தாவின் இளைப்புக்கு எமனாயிற்று. பூஞ்சணமும் இளைப்பைத் தூண்டும், புகையும் தூண்டும். சான்றிதழா, மூச்சா என்ற நிலை.

நாம் நனைவதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நீராவி சுமந்து வந்து, மலையில் ஏறி, குளிர்ந்து, பனிநிலை அடைந்து, நீரைக் கொட்டிவிட்டு, மறுபுறம் வறண்டு இறங்குகிறது. மூணாறு நனைய, 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மறையூர் காய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையே இயற்கை அமைத்த ஈரம் நீக்கும் பொறி! நாம் அப்பொறியின் குளிர்ச் சுருளின்மேல் குடியிருக்கிறோம்.

வீட்டுக்கென விற்கும் டிஹியூமிடிஃபையர் இருவகைப்படும். குளிர்ச் சுருள் வகை, கேரியர் கண்ட வழியே இயங்குவது. பாலக்காட்டுப் பக்கத்து வெப்பத்தில் நன்கு உழைக்கும். மூணாற்றுக் குளிரிலோ சுருளில் பனி உறைந்து வேலை குன்றும். அங்கே ஈரம் உறிஞ்சும் பரல்கள் பொருந்திய சக்கர வகையே ஏற்றது. ஆனால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். கைக்கடக்கமாக விற்கும் மிகச் சிறியவை ஓர் அறைக்குப் போதா.

பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி எனக் கொள்வோம். 20 பாகையில் 90 ஈரப்பதம் இருப்பினும், அக்காற்றிலுள்ள நீர் அரை லிட்டருக்கும் குறைவே. பின் ஏன் பொறி நாள்தோறும் லிட்டர் கணக்கில் நீரை இறக்குகிறது? மெத்தையும் துணியும் சுவரும் தம் ஈரத்தை விடுகின்றன. இடுக்கு வழியே வெளிக்காற்றும் நுழைகிறது. ஆகவே பொறி ஓடும்போது கதவு சன்னல் அடைத்திருக்க வேண்டும். திறந்து வைத்தால் ஆடிச் சாரலையே உலர்த்த முயல்வதாகும். வீட்டுக்குள் ஈரத்துணி காயப் போடலாகாது. பொறி ஓடும் அறையில்தான் போடவேண்டுமெனில் அதற்கான நேரமும் சேர்த்து ஓட்டவேண்டும். கூரை ஒழுகினால் ஓட்டையை அடைக்க வேண்டும். சுவரோரம் நீர் தேங்கினால் வடிகால் வெட்ட வேண்டும். இவற்றைச் செய்யாமல் பொறி வாங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது போன்றது. ஈரப்பதம் 60க்குக் கீழே நின்றால் பூஞ்சணம் பெரும்பாலும் தலைதூக்காது.

மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்த பணத்தில் சென்ற ஆண்டு ஒரு சக்கர வகைப் பொறி வாங்கினேன். தோட்டத் தொழிலாளியின் ஒரு மாதக் கூலியை விழுங்கும் விலை. முதலில் அப்பாவும் நானும் கூரையைச் செப்பனிட்டோம். பொறி ஓடிய மறுநாள் காலை, தொட்டியில் நின்ற நீரைக் கண்ட அப்பத்தா, இதை எவன் ராத்திரி வந்து ஊற்றினான் என்று கேட்டார். காற்றிலிருந்து வந்தது என்றேன். நம்பவில்லை. இத்தனை தண்ணீரையா இத்தனை வருடம் மூச்சாக இழுத்தோம் என்று சிறிது நேரம் கழித்துத் தாமே கேட்டுவிட்டு, அதைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினார். அவர் இளைப்பு நீங்கிவிடவில்லை, மருந்தையும் நிறுத்தவில்லை. ஆனால் அந்த ஆடியில் அவர் படுக்கையருகே சுவர் கறுக்கவில்லை. சான்றிதழ்கள் பரணிலிருந்து இறங்கிவிட்டன.

ஒரு வீட்டுக்கு ஒருவன் வாங்கிவிட்டால் வரிசை முழுவதும் உலர்ந்துவிடாது. அதற்கு ஒழுகாத கூரையும் வடிகாலும் எல்லார்க்கும் வேண்டும். அவற்றைக் கேட்பதற்கு வெறும் முறையீடு போதாது, அளவு வேண்டும். ஈரப்பதமானி பொறியைப் போல் விலை மிக்கதன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். நாள்தோறும் காலையும் மாலையும் அளந்து எழுதி வையுங்கள். அண்டை வீட்டிலும் அளந்து பாருங்கள். ஈரம் தலைவிதி என்று நம் முன்னோர் பொறுத்திருந்தனர். அது விதியன்று, கிராம் கணக்கில் எழுதக்கூடிய ஓர் அளவு என்று காட்டியவர் கேரியர். தாளுக்கு அவர் எழுதிய கணக்கை மனிதர்க்கு எழுதுவது நம் கடமை.