யாழ் மீட்டவர் துயிலும் வளவு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பிலே கல்லடி உப்போடை என்னும் ஊர் உளது. நகரிலிருந்து கல்லடிப் பாலங் கடந்து அவ்வூருட் புகுவோர் சிவானந்த வித்தியாலயத்தைக் காண்பர். அவ்வித்தியாலய வளவிலேதான் சுவாமி விபுலாநந்த அடிகளார் துயில்கின்றார். இறைவன் உவக்கும் மலர் யாதென வினவி விடை பகரும் அவர்தம் செய்யுளே சமாதியில் எழுதப்பட்டுள்ளது.

அச்செய்யுளை யான் ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். ஆயினும் அடிகளார் தம் முதுமையின் வலிமையெல்லாம் செலவிட்டு இயற்றிய யாழ்நூலை நெடுங்காலம் முழுமையாகக் கற்றிலேன். எண்கள் மலிந்த பக்கம் வந்துழி ஏட்டைப் புரட்டிவிடுவேன். பண்டிதன் என்று பெயர் சுமப்பவனுக்கு இஃது இழுக்கே. இசை வல்லாரோ, செய்யுட்டமிழ் கடினமென்று கூறி அந்நூலை அணுகுவதில்லை. இவ்வாறு இரு திறத்தாரும் கைவிட்ட நூலாக அது கிடக்கின்றது.

அடிகளாரின் பிறப்பிடம் கல்முனைக்கு அணித்தாகிய காரைதீவு. சாமித்தம்பியாரும் கண்ணம்மையாரும் பெற்ற அப்பிள்ளை 1892 ஆம் ஆண்டிற் பிறந்து மயில்வாகனன் என வழங்கப்பெற்றது. காரைதீவிலே கண்ணகியம்மனுக்குக் கோயிலுண்டு. வைகாசிச் சடங்கிலே வழக்குரை காவியம் படிக்கக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்குச் சிலப்பதிகாரம் ஏட்டிற் கிடந்த நூலன்று. ஊராரின் வாயிலும் காதிலும் வாழ்ந்த கதை. பிற்காலத்து அவர் ஆராய்ச்சிக்கு வித்து அங்கேயே வீழ்ந்ததென்பது என் துணிபு.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் பரீட்சையிலும், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். இவ்விரண்டு கல்வியும் ஒருவரிடத்தே கூடியமை நம் நாட்டில் அரிதினும் அரிது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர் 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடம் புக்கு, 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். ஈழம் மீண்டபின் கிழக்கு மாகாணத்துப் பாடசாலைகளை ஓம்பினார். சிவானந்த வித்தியாலயம் 1929 இல் அவர் முயற்சியால் எழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற்றமிழ்ப் பேராசிரியர், இமயத்து மாயாவதியில் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியர், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் எனப் பதவிகள் பல தொடர்ந்தன. அவற்றை விரித்துரைப்பார் பலர் உளராதலின் யான் விரித்திலேன்.

யாழ் என்னும் கருவி தமிழ்நாட்டில் வழக்கொழிந்து பல நூற்றாண்டாயிற்று. இருபத்தொரு நரம்புடைய பேரியாழ், பத்தொன்பதுடைய மகரயாழ், பதினான்குடைய சகோடயாழ், ஏழுடைய செங்கோட்டியாழ் என உரையாசிரியர் கூறிய தொகையே எஞ்சிற்று. கருவியைக் கண்ணாற் கண்டாரில்லை; ஒலியைக் காதாற் கேட்டாருமில்லை. அடிகளார் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு, சங்கநூல் வருணனைகளையும் பழஞ்சிற்பங்களையும் ஒப்புநோக்கி, கணித நூல் முறையால் ஒவ்வொரு நரம்பின் அளவையும் நிறுவினார்.

அண்மையிலே என் நண்பரான கணித ஆசிரியர் ஒருவரிடம் வெட்கத்தை விட்டு அப்பக்கங்களைக் காட்டினேன். அவர் பலகையொன்றின்மேல் 90 சதமமீற்றர் நீளமுள்ள கம்பியை இழுத்துக் கட்டி மீட்டினார். பின்பு 60 ஆம் அளவிலே மரத்துண்டொன்றை முட்டுக்கொடுத்து அந்நீளத்தை மீட்டினார். முன்னது குரலாயின் பின்னது இளி. மூன்றில் இரண்டு பங்கு நீளம் இளி நரம்பைத் தருமென்பதையும், அம்முறையே தொடர்ந்து செல்லப் பன்னிரு நிலைகள் பிறக்குமென்பதையும் அன்றுதான் என் செவி அறிந்தது. செம்பாலையிலே துத்தத்தைக் குரலாகக் கொள்ளின் படுமலைப்பாலை தோன்றும் என்று இருபதாண்டு மாணவர்க்கு ஓதினேன். தோன்றுவது யாது என்று ஒரு மாணவன் வினவியிருப்பின் விழித்திருப்பேன். நல்லகாலம், ஒருவனும் வினவிற்றிலன்.

யாழ்நூல் கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவில் 1947 ஆம் ஆண்டிலே சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அவ்விடம் தேர்ந்தமை பொருத்தமுடைத்து. ஆறு பெருகி ஓடக்காரரும் அஞ்சிய நாளிலே, திருஞானசம்பந்தர் பதிகம் பாட ஓடம் தானே சென்று கரை சேர்ந்தது அத்தலத்திலேயாம். இசையே துழாவு கோலாயிற்று. அங்கே, நூல் சொன்ன அளவின்படி அமைத்த யாழ்களை அவையோர் முன் வைத்து, உடல் நலிவுற்றிருந்த அடிகளார் தாமே அவற்றின் இயல்பை எடுத்து விளக்கினார். வல்லார் நரம்பை மீட்ட, நூற்றாண்டுகளாக அடங்கிக் கிடந்த ஓசை அவையிலே எழுந்தது. கருவியை அறியாத பெருங்கூட்டத்துக்கு அதனை அறிமுகஞ் செய்து, மீட்டுவோரை முன்னிறுத்தித் தாம் ஒதுங்கி நிற்றலும் ஒரு கலை. அஃது அவர்க்கு வாய்த்திருந்தது.

அதன்பின் சில கிழமைகளே கழிந்தன. 19-7-1947 அன்று கொழும்பிலே அடிகளார் மறைந்தார். அவர் திருமேனியை மட்டக்களப்புக்குக் கொணர்ந்து, தாம் எழுப்பிய வித்தியாலயத்தின் முன்றிலிலே அடக்கஞ் செய்தனர். நூலை வெளியிட்ட ஆண்டே ஆசிரியரையும் கொண்டுபோயிற்று. ஐயம் வினவ எண்ணியவர் அவரிடம் வினவ வழியில்லாது போயிற்று. எண்ணிக்கையிற் பத்துப் பேரேனும் அந்நூலை அவரிடமே பாடங் கேட்டிருப்பின் இன்று நிலை வேறாயிருக்கும் என்று யான் பலகாலும் எண்ணுவதுண்டு.

கல்லடிப் பாலத்தருகே வாவியின் அடியிலிருந்து நிறைமதி இரவிலே இன்னொலி எழுமென்பது இந்நாட்டார் வழங்கும் செய்தி. பிரித்தானிய அலுவலர் எமர்சன் தெனன்ற் 1848 இல் அதனைக் கேட்டு எழுதிவைத்தார். மீன் பாடுகின்றதென்பர் சிலர். ஊரி என்பர் சிலர். நீரரமகளிர் என்னும் செய்யுளிலே அடிகளார் அவ்விசையைப் பாடியுள்ளார்.

சென்ற நிறைமதி நாளில், கணித ஆசிரியரும் யானும் சமாதியை வணங்கி, தோணியொன்றிற் பாலத்தருகே சென்றோம். தோணிக்காரர் துடுப்பை நீரில் ஆழ்த்தி மேல்நுனியிற் காதை வைக்கச் சொன்னார். நான் நெடுநேரம் வைத்திருந்தேன். பாலத்தின்மேல் ஊர்திகள் ஓடும் அதிர்வே கேட்டது. நண்பர் வாங்கி வைத்துப் பார்த்தார். ஏதோ கேட்கின்றது என்றார், ஆனால் எந்த நரம்பென்று சொல்லவில்லை. பலகையையும் கம்பியையும் மறுநாட் பாடசாலைக்குக் கொண்டுவரும்படி மட்டும் அவரைக் கேட்டுக்கொண்டேன்.