‘மாணவர்’ என்னும் புனைபெயர்: வில்லியம் சீலி காசெட்டின் வாழ்வும் பணியும்

பானைச் சோற்றின் பதமறிய ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பது தமிழர் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஒரு பருக்கை பானை முழுமைக்கும் சான்றாகுமா, ஆகாதெனின் எத்தனை பருக்கைகள் வேண்டும் என்னும் வினாவைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தவர் வில்லியம் சீலி காசெட். அவ்வாராய்ச்சி முளைத்த இடம் பல்கலைக்கழகம் அன்று. பீர் வடிக்கும் ஆலை. அறிவுலகம் அவரை அறிந்ததும் இயற்பெயரால் அன்று; ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவர், என்னும் புனைபெயரால்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் கேண்டர்பரி நகரில் 1876 ஜூன் 13ஆம் நாள் காசெட் பிறந்தார். தந்தையார் படைப் பொறியாளர் பிரிவில் கர்னலாகப் பணியாற்றியவர். மகனும் அப்பிரிவில் சேரவே விரும்பினார். கண்பார்வைக் குறை அதற்குத் தடையாயிற்று. வின்செஸ்டர் பள்ளியிலும் பின்னர் ஆக்ஸ்போர்டு நியூ கல்லூரியிலும் பயின்ற அவர், 1897இல் கணிதத்திலும் 1899இல் வேதியியலிலும் முதல் வகுப்பில் தேறினார்.

ஆலையில் எழுந்த வினா

அதே 1899இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் ஆலையில் அவர் பணியேற்றார். அறிவியல் பட்டதாரிகளை அந்நிறுவனம் விரும்பிச் சேர்த்துக்கொண்ட காலம் அது. அதுவரை ஹாப்ஸ் பூக்களைப் பார்வையாலும் மணத்தாலும், பீரை நாவாலும் மதிப்பிடும் பட்டறிவே ஆலைகளில் கோலோச்சியது. தேர்ந்தவர் நாக்கு நுண்ணிய கருவிதான். எனினும் அது ஆளுக்கு ஆள் வேறுபடும். தன் தீர்ப்பில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதைத் தானே சொல்லாது. கின்னஸ் பீரோ பெரும்பாலும் பீப்பாய்களில் வெளியேறி, பல ஊர்களில் வேறு வணிகர் கைகளால் புட்டிகளில் அடைக்கப்பட்டது. ஆலையில் நேரும் சிறு குறை ஆயிரம் புட்டிகளில் சென்று சேரும். ஆகவே மூலப்பொருளிலேயே தரத்தை அளந்தறிய வேண்டியிருந்தது.

வேதியியல் சோதனைகள் காலமும் பொருளும் வேண்டுவன. ஒரு மால்ட் குவியலிலிருந்து நான்கைந்து மாதிரிகளைச் சோதிப்பதே அரிது. அக்காலப் புள்ளியியலோ நூற்றுக்கணக்கான அளவுகளை நம்பியே இயங்கிற்று. 1904இல் ஆலைக்கென எழுதிய அறிக்கையில் காசெட் இச்சிக்கலை எடுத்துரைத்தார். மால்ட்டிலிருந்து கிடைக்கும் சத்தின் அளவு உண்மை அளவுக்கு அரைப் பாகைக்குள் அமைவதற்குப் பத்துக்கு ஒன்று என்னும் வாய்ப்பு வேண்டுமெனின், நான்கு சோதனைகள் போதும் என்று அவர் கணித்தார்.

1908ஆம் ஆண்டின் கட்டுரை

1905இல் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனைச் சந்தித்த காசெட், 1906–07இல் இலண்டன் சென்று அவரிடம் பயின்றார். 1907இல் ஈஸ்ட் உயிரணுக்களை உருப்பெருக்கியின்கீழ் எண்ணும்போது நேரும் பிழையைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். அடுத்த ஆண்டு ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளிவந்த கட்டுரையே அவரை நிலைபெறச் செய்தது.

மாதிரிகள் சிலவாக இருக்கும்போது, அவற்றுக்குள் காணும் ஏற்ற இறக்கத்தின் அளவும் ஐயத்துக்குரியதே. அதை உறுதியெனக் கொள்வோர் அளவுக்கு மீறித் துணிந்துவிடுவர். அத்துணிவை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பதை அவர் கண்ட பரவல் காட்டிற்று. தம் முடிவைச் சரிபார்க்க அவர் கையாண்ட முறை எளியது. 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்கு கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 தொகுதிகளாக்கிக் கணக்கிட்டார்.

பணியாளர் தம் இயற்பெயரில் ஆராய்ச்சியை வெளியிட ஆலை இசையவில்லை. தொழில் மறை போட்டியாளருக்கு எட்டிவிடலாகாது என்பதே அதன் கவலை. ஆகவே ‘ஸ்டூடண்ட்’ என்னும் பெயர் பிறந்தது. சங்கத்துச் செம்புலப்பெயனீராரின் இயற்பெயரை நாம் அறியோம். அவர் படைத்த தொடரே அவர் பெயராயிற்று. காசெட்டுக்கும் அத்தகைய மறைவே வாய்த்தது. இன்றும் பாடநூல்களில் ‘ஸ்டூடண்ட்’ சோதனையைப் பயில்வோரில் பலர், அது மாணவர்க்கென எளிதாக்கப்பட்டது என்றே எண்ணிக்கொள்கின்றனர்.

நண்பரும் மாற்றாரும்

அக்கட்டுரையின் அருமையைப் பலர் உடனே உணரவில்லை. இளைஞர் ரொனால்டு ஃபிஷர் 1912இல் அதற்குரிய கணித நிறுவலைக் காசெட்டுக்கு எழுதியனுப்பினார். பிற்காலத்தில் தம் அட்டவணைகளை ஃபிஷருக்கு அனுப்பிய காசெட், அவற்றைப் பயன்படுத்தக்கூடியவர் அவர் ஒருவரே என வேடிக்கையாகக் குறித்தார். 1925இல் ஃபிஷர் எழுதிய நூல் அம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. பியர்சனும் ஃபிஷரும் கடும்பகை கொண்டிருந்தபோதும் காசெட் இருவர்க்கும் நண்பராகவே விளங்கினார். வாற்கோதுமை வயல்களில் பாத்திகளை ஒழுங்குற அமைப்பதா, குலுக்கல் முறையில் அமைப்பதா என்பதில் அவரும் ஃபிஷரும் மாறுபட்டனர். தம் கொள்கையைக் காசெட் இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை; அது பற்றிய கடைசிக் கட்டுரை அவர் மறைந்தபின் 1938இல் வெளிவந்தது. நட்பும் குன்றவில்லை.

பேரிக்காய் வளர்ப்பு, மீன்பிடித்தல், மரவேலை, படகு கட்டுதல் ஆகியவற்றில் அவர் இன்பங்கண்டார். 1935இல் இலண்டன் பார்க் ராயலில் கின்னஸ் எழுப்பிய புதிய ஆலைக்குச் சென்று பொறுப்பேற்றார். 1937 அக்டோபர் 16ஆம் நாள், 61ஆம் வயதில் மறைந்தார்.

நிறைவுரை

முதல் உலகப்போர்க் காலத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து தாயகம் திரும்பிய மகலனோபிஸ், ‘பயோமெட்ரிகா’ தொகுதிகளை உடன்கொணர்ந்து கப்பலிலேயே படித்தார். அவரே 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வாகனங்களும் டயர்களும் உருவாகும் ஒரகடத்திலும், சில மாதிரிகளைச் சோதித்துப் பெருந்தொகுதியின் தரத்துக்குச் சான்றளிப்போர் நாள்தோறும் பணியாற்றுகின்றனர். வாங்குவோர் அவர்தம் பெயரை அறியார். சில மாதிரிகளை எவ்வளவு நம்பலாம் என்பதோடு, எந்த எல்லைக்குமேல் நம்பலாகாது என்பதையும் அவர்க்கு வகுத்தளித்தவர், தாமும் ஆலைப் பணியாளராய்ப் பெயர் மறைத்து வாழ்ந்த காசெட் ஆவார்.