துரை இல்லாத இரண்டு ஆண்டுகள்: மயிலாடி வேதமாணிக்கம்

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடும் நாட்களில், மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நம்மைத் தேடி வரும் பிள்ளைகள் சிலர் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். பாட்டன் காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். சான்றிதழில் ஒரு மதம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மதம் இருக்கும். கஞ்சிக்கும் கோதுமைக்கும் மாறிய கூட்டம்தானே நீங்கள் என்று கூடப் படிப்பவர் யாராவது சொல்லியிருப்பார். பாட்டன் உண்மையாகத்தான் மாறினாரா, பெயருக்கு மாறினாரா என்பது அந்தப் பிள்ளைகளுக்கே குழப்பமாகிவிடுகிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் கதை மயிலாடி வேதமாணிக்கத்தின் கதை. குமரி மாவட்டத்தில் அவர் பெயர் தெரியாத சபை கிடையாது. மதுரைச் சீமையில்தான் அதிகம் பேசப்படவில்லை.

இன்று கல் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற மயிலாடி, நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்று அது திருவாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்ட ஊர். அங்கே சாம்பவர் குலத்தில், அதாவது பறையர் என்று ஊர் சொன்ன மக்களிடையே பிறந்தவர் மகாராசன். பெயரில்தான் ராசா இருந்தார். திருவாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தலைவரி உண்டு, கூலியில்லாத ஊழியம் உண்டு. பொதுவழியில் நடக்கத் தடை, பெண்கள் மார்பை மறைக்கத் தடை. மனிதர்களை நிலத்தோடு சேர்த்து விற்கும் அடிமை முறையும் இருந்தது.

சிதம்பரம் போனவர் தஞ்சாவூரில் நின்றார்

மகாராசன் பக்திமான். தன் முன்னோர் வணங்கிய தெய்வங்களை அவர் குறைவாக வணங்கியவர் அல்ல. 1799-ம் ஆண்டையொட்டி, மருமகன் சிவகுருநாதனோடு சிதம்பரம் நடராசரைத் தரிசிக்க நடந்தே கிளம்பினார். நந்தனார் கதை தெரிந்த நமக்கு, அந்தக் குலத்தில் பிறந்தவருக்குச் சிதம்பரத்தில் என்ன காத்திருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அதற்கு 140 ஆண்டுகள் கழித்து, 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் நம் மேலூர் தும்பைப்பட்டிக் கக்கனும் ஒருவர் என்பதை இங்கே நினைத்துக்கொண்டால் போதும்.

சிதம்பரத்தில் அவர் மனம் நிறையவில்லை. அங்கே கண்ட ஒரு கனவு அவரைத் திருப்பியது என்று சபை வரலாறு சொல்கிறது. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். சுவார்ட்ஸ் பாதிரியார் இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவருடைய வளர்ப்புப் பிள்ளை போன்ற கோலாஃப் அங்கே பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். மகாராசன் போய்க் கேட்டார், கேள்விகள் கேட்டார், படித்தார், ஞானஸ்நானம் பெற்றார். மகாராசன் வேதமாணிக்கம் ஆனார். சிவகுருநாதன் மாசிலாமணி ஆனார்.

இந்த இடத்தில் நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது மயிலாடியில் மிஷன் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, கோதுமை மாவும் கிடையாது. தஞ்சாவூரில் பெற்ற ஞானஸ்நானம் திருவாங்கூரில் ஒரு காசு வரியைக்கூடக் குறைக்காது. சில புத்தகங்களோடும் புதுப் பெயரோடும் அவர் ஊர் திரும்பினார். கிடைத்தது சொந்தக்காரர்களின் கோபமும் மேல்சாதியாரின் தொல்லையும்தான். கேட்டவர்களில் சிலர் சேர்ந்தார்கள், தொல்லை வந்ததும் சிலர் விலகினார்கள். அவர் விலகவில்லை. மீண்டும் தஞ்சாவூருக்கு நடந்தார், மயிலாடிக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று கேட்பதற்காக. மிஷனரி வந்து மக்களைத் தேடிப் பிடித்தார் என்றுதான் நாம் வழக்கமாகக் கேள்விப்படுகிறோம். இங்கே ஒரு தலித் மனிதர் நடந்துபோய் மிஷனரியைக் கூட்டிவந்தார்.

வந்தவரின் சந்தேகம்

அப்படி வந்தவர் ரிங்கல்தௌபே. 1770-ல் ஜெர்மானிய நாட்டில் பிறந்தவர். லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பி 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் இறங்கியவர். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மயிலாடிக்கு வந்தார். விசித்திரமான மனிதர். குடிசையில் தங்கினார், சம்பளத்தைப் பள்ளிகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தில் வாழ்ந்தார். ஆலயம் கட்ட அனுமதி சுலபத்தில் கிடைக்கவில்லை. வேலுத்தம்பி தளவாயின் கலகம் 1809-ல் அடங்கிய பிறகே, ரெசிடென்ட் கர்னல் மெக்காலேயின் துணையோடு கிடைத்தது. கலக நாட்களில் வேதமாணிக்கமும் அவர் மக்களும் மலைக்காடுகளில் ஒளிந்து உயிர் பிழைத்தார்கள் என்பது சபை வரலாறு. அதே 1809-ல் மயிலாடி ஆலயம் எழுந்தது. அதே ஆண்டு அங்கே தொடங்கிய பள்ளிக்கூடத்திலிருந்துதான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வயதைக் கணக்கிடுகிறது.

ஆலயம் எழுந்ததும் கூட்டம் வந்தது. வெள்ளைக்காரத் துரைக்கு ரெசிடென்ட் பழக்கம், அவரிடம் சேர்ந்தால் தலைவரி நீங்கும், ஊழியம் நீங்கும் என்று பலர் நம்பினார்கள். ரிங்கல்தௌபே அப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார், மற்றவர்களைக் காக்க வைத்தார். ஞானஸ்நானம் கொடுக்க அவரைப் போல் தயங்கிய மிஷனரிகள் குறைவு. தன் சபையில் உண்மையாக மனம் திரும்பியவர்கள் மிகச் சிலரே என்ற கவலை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அவருடைய நேர்மையை நாம் மதிக்கிறோம். வாயால் சொல்வது விசுவாசம் ஆகாது என்பதில் அவர் கறாராக இருந்தார். ஆனால் அவர் தலைவரி கட்டியவர் அல்ல. ஊழியத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டவரும் அல்ல. முதுகில் சுமையோடு வருகிறவர் சுமையை இறக்க இடம் கேட்பது பொய்யாகிவிடுமா? எகிப்தில் செங்கல் அறுத்த இஸ்ரவேலர் விடுதலை கேட்டுக் கூப்பிட்டதைப் பக்தியில்லை என்று அவர் கையில் இருந்த வேதமே சொல்லவில்லையே. விடுதலை வேண்டும் என்பது ஒருவரைச் சபையின் வாசல்வரை கொண்டுவரும். உள்ளே வந்தபின் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை வைத்துத்தான் மாற்றம் உண்மையா என்று சொல்ல முடியும்.

அந்தச் சோதனையும் வந்தது.

சோதனை

1816 தொடக்கத்தில் உடல்நலம் கெட்டு ரிங்கல்தௌபே ஊரைவிட்டுக் கிளம்பினார். கோட்டு கூட இல்லாமல் நாட்டு வைக்கோல் தொப்பியோடு சென்னையில் வந்து நின்றார் என்பார்கள். அங்கிருந்து கப்பலேறி இலங்கை வழியாகப் போனார். அவருக்கு என்ன ஆயிற்று, எங்கே இறந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. போகும்போது சபைகளை ஒப்படைத்தது ஒரு வெள்ளைக்காரரிடம் அல்ல, வேதமாணிக்கத்திடம்.

அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் 1818-ல்தான் மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். நடுவில் இரண்டு ஆண்டுகள். ரெசிடென்டிடம் பரிந்து பேச ஆள் இல்லை, சம்பளம் கொடுக்க ஆள் இல்லை, ஊரார் அடித்தால் தடுக்க ஆள் இல்லை. ஆதாயத்துக்காக வந்தவர்கள் என்றால் கலைந்துபோக அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சபைகள் கலையவில்லை. ஊர் ஊராக நடந்து ஆராதனை நடத்தியவர், பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறதா என்று பார்த்தவர், சோர்ந்தவர்களைத் தூக்கி நிறுத்தியவர், ஊர் வழியில் நடக்கத் தடைசெய்யப்பட்ட குலத்தில் பிறந்த அந்த மனிதர்தான். கூடவே இருந்த எளிய மக்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. அவர்கள் நின்றதால்தான் மீட் வந்தபோது மயிலாடியில் ஒரு சபை இருந்தது.

மீட் சில காலம் நாகர்கோவிலில் நீதிபதியாகவும் இருந்தார். அந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். மிஷனின் தலைமையிடமும் நாகர்கோவிலுக்கு மாறியது. வேதமாணிக்கம் 1827-ல் இறந்தார். துரை நீதிபதியாக இருந்தபோது சேர்ந்தவர்களைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பிறகு தோள்சீலைப் போராட்டத்தில் அடிபட்டு நின்றவர்கள். 1859-ல் அரசாணை வரும்வரை அந்தப் போராட்டம் ஓயவில்லை. வாசலுக்கு எதற்காக வந்தாலும், உள்ளே வந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள்.

அப்படியானால் பெயரளவில் கிறிஸ்தவர் யார்? அதற்கும் வேதமாணிக்கம் மனம் மாறிய அதே தஞ்சாவூரில் விடை இருக்கிறது. அந்தச் சபையில் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்று பிரிந்துதான் உட்கார்ந்தார்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உட்காருவதிலும் திருவிருந்திலும் பிரிவினை கூடாது என்று கடிதம் எழுதினார். தலைமுறை தலைமுறையாக வேதம் படித்த மேல்சாதிக் கிறிஸ்தவர் பலர், சாதியை விடமாட்டோம் என்று சபையை விட்டு வெளியேறினார்கள். பாடல்களால் தமிழ்க் கிறிஸ்தவர் எல்லாரும் அறிந்த வேதநாயக சாஸ்திரியாரும் அதற்கு முன்பே சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதியவர்தான். அவருடைய பக்தியை நாம் அளக்க வரவில்லை. ஆனால் ஒரே கிண்ணத்தில் குடிக்கமாட்டேன் என்று எழுந்து போனவர்களை யாரும் அரிசிக் கிறிஸ்தவர் என்று ஏசவில்லை. துரையே இல்லாத இரண்டு ஆண்டுகள் நின்றவர்களின் பிள்ளைகளைத்தான் ஏசுகிறார்கள்.

இன்று அந்தக் கேள்வி தாலுகா அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வந்திருக்கிறது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான தலித்துகள் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், வேறு மதத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது ஆணையின் கணக்கு. கல்லறைத் தோட்டத்திலும் சப்பரம் போகும் தெருவிலும் சாதி போகவில்லை என்பது நம் ஊரின் கணக்கு. இரண்டு கணக்குக்கும் நடுவே நிற்கிறது அந்தப் பிளஸ் டூ பிள்ளை.

அந்தப் பிள்ளையிடம் நாம் சொல்வது இதுதான். உன் பாட்டன் கஞ்சி குடித்திருக்கலாம். பசித்தவர் குடித்ததில் வெட்கம் ஒன்றுமில்லை. கஞ்சித் தொட்டி மூடிய பிறகும் அவர் அந்த வாசலுக்குப் போனாரா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாரா, தனக்குக் கீழே ஒரு சாதியைத் தேடாமல் இருந்தாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார். ஆம் என்று சொன்னால் உன் பாட்டனும் வேதமாணிக்கத்தின் வரிசையில் நின்றவர்தான்.

மாட்டுத்தாவணியில் நாகர்கோவில் பேருந்து ஏறினால் அரை நாளில் மயிலாடி போய்விடலாம். முடிந்தவர்கள் ஒருமுறை போய், அந்த ஆலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.