திருவரங்கத்தமுதனார் நூற்றந்தாதி அருளிச்செய்த வரலாறு

பெருமாள் திருவீதிப் புறப்பாடு கண்டருளும்போது முன்னே எழுந்தருளும் திவ்யப்பிரபந்த கோஷ்டியார் இயற்பாவைச் சேவித்துவருவதை உத்ஸவத்திற்கு வந்த அன்பர்கள் கேட்டிருப்பர். அவ்வியற்பாவின் நிறைவில் சேவிக்கப்பெறுவது இராமாநுச நூற்றந்தாதி. ஆழ்வார்களுள் ஒருவர் அல்லாத பெரியவர் அருளிச்செய்து, ஆழ்வார்களின் அருளிச்செயல்களோடு ஒன்றாக வைத்து ஓதப்பெறும் பிரபந்தம் இது ஒன்றே. இத்தகைய ஏற்றத்தைப் பெற்ற திருவரங்கத்தமுதனார், தொடக்கத்தில் எம்பெருமானாருக்கு அடியவராக இருந்தவர் அல்லர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

இவர் பங்குனி மாதத்து ஹஸ்த நக்ஷத்திரத்தில் திருவரங்கத்தில் அவதரித்தவர். மூங்கிற்குடி என்னும் பெருங்குடியைச் சேர்ந்தவர். பெரியகோயில் நம்பி என்பது இவருக்கு வழங்கிய பெயர். வம்சபரம்பரையாகத் திருவரங்கம் பெரியகோயிலின் நிர்வாகம் இவர் கையில் இருந்தது. கோயிற் சாவி இவரிடமே இருக்கும். பெருமாள் திருமுன்பே புராணம் வாசிக்கும் உரிமையும் இவருடையதே. கல்வியிலும் செல்வத்திலும் குறைவில்லை. வடமொழியும் தமிழும் வல்லவர். பாட்டு இயற்றும் ஆற்றலோ பிறவியிலேயே வாய்த்திருந்தது.

1017ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த உடையவர், ஆளவந்தார் பரமபதித்தபின் காஞ்சியிலிருந்து திருவரங்கத்திற்கு எழுந்தருளினார். தரிசன நிர்வாகத்தோடு கோயில் கைங்கர்யங்களையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அவர் திருவுள்ளம். பிற்காலத்தில் பத்துக் கொத்தாக வகுத்து, இன்னார்க்கு இன்ன பணி என்று அவர் ஏற்படுத்திய முறையைக் கோயிலொழுகு விரிவாகக் கூறும். ஆனால் சாவி வேறொருவர் கையில் இருக்க, எந்தச் சீர்திருத்தம் நடைபெறும்? பெரியகோயில் நம்பி உடையவருடைய ஏற்பாடுகளுக்கு இசையவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த உரிமையை, வெளியூரிலிருந்து வந்த ஸந்யாஸி ஒருவர் சொன்ன மாத்திரத்தில் விட்டுவிட எவருக்குத்தான் மனம் வரும்? இதை அவருடைய குற்றமாகக் கொள்ளுதல் தகாது. அவரை அப்பணியிலிருந்து விலக்கிவிடலாமா என்று உடையவரும் ஒரு சமயம் எண்ணினாராம். நெடுங்காலம் தமக்குத் தொண்டு பூண்டவனை விலக்க வேண்டா என்று பெரியபெருமாளே கனவில் உணர்த்தியருளியதாகப் பெரியோர் கூறுவர். அதன்மேல் உடையவர் வலியச் செய்வதை விட்டு, நம்பியின் மனத்தைத் திருத்தும் பொறுப்பைக் கூரத்தாழ்வானிடம் ஒப்படைத்தார்.

ஆழ்வானுக்கு ஈடு ஆழ்வானே. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராய் இருந்தவர். அத்தனையையும் துறந்து, தேவிகளான ஆண்டாளோடு திருவரங்கம் வந்து, உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தவர். ஸ்ரீபாஷ்யம் உருவானபோது எம்பெருமானாருக்கு உறுதுணையாய் இருந்த மஹாவித்வான். அப்படிப்பட்டவர் தம் பெருமை எதையும் காட்டிக்கொள்ளாமல் நம்பியோடு பழகினார். சாவியைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. நாளடைவில் நம்பிக்கு ஆழ்வானிடத்தில் பெருமதிப்பு உண்டாயிற்று.

இவ்வாறிருக்கையில் நம்பியின் தாயார் பரமபதித்தார். பதினோராம் நாளில் செய்யும் ஏகோத்திஷ்டம் மற்றச் சிராத்தங்களைப் போன்றதன்று. ஒரே ஒருவரை வரித்து, மறைந்தவரை அவரிடத்தில் ஆவாஹனம் செய்து அன்னம் இட வேண்டும். உண்டு முடித்தவரைத் திருப்தியா என்று கர்த்தா கேட்பார். அவர் திருப்தி என்று சொன்னால்தான் கர்மம் நிறைவுறும். அந்த இலையில் உண்டவருக்கு ஏற்படும் தோஷம் பெரிது. அது தீரக் கடுமையான ஜபமும் விரதமும் அநுஷ்டிக்க வேண்டும். ஆகையால் கற்றறிந்த ஆசாரசீலர் எவரும் இதற்கு எளிதில் இசைவதில்லை. இக்காலத்திலும் அப்படியே. நம்பியோ தம் தாயாருக்குச் செய்யும் கடைசிக் கடனுக்குச் சிறந்த ஒருவரே வேண்டும் என்று விரும்பி உடையவரிடம் விண்ணப்பித்தார். உடையவர் ஆழ்வானையே அனுப்பிவைத்தார்.

ஆழ்வான் அந்த இலையில் அமர்ந்து உண்டார். நம்பி முறைப்படி, திருப்தியா என்று வினவினார். விடை வரவில்லை. பொன் தருவதாகச் சொன்னார். நிலம் தருவதாகச் சொன்னார். ஆழ்வான் எதற்கும் தலையசைக்கவில்லை. பின்பு எது கேட்டாலும் தருவதாக நம்பி வாக்களிக்கவே, கோயிற் சாவியையும் புராணம் வாசிக்கும் உரிமையையும் எம்பெருமானாருக்குத் தர வேண்டும் என்று ஆழ்வான் கேட்டார்.

அந்த நிமிஷத்தில் நம்பியின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருபுறம் முன்னோர் வைத்துச் சென்ற பெருஞ்சொத்து. மறுபுறம் பெற்ற தாய் திருப்தியடையாமல் நிற்கிறாள். சாஸ்திரம் அறிந்தவராகையால் தப்ப வழி தேடவில்லை. தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார். ஆழ்வானும் திருப்தி என்று சொல்லிக் கர்மத்தை நிறைவு செய்தார்.

துக்கத்தில் இருப்பவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று சிலர் ஐயுறுவதுண்டு. ஆழ்வான் தமக்கென்று ஒரு பிடி நெல்லும் கேட்கவில்லை. பிறர் அஞ்சி விலகும் தோஷத்தைத் தாமே ஏற்று, தம் ஆசாரத்தையே பணயமாக வைத்த பிறகுதான் வாய் திறந்தார். இதனை நம்பியும் உணர்ந்தார். உணர்ந்திராவிட்டால் கொடுத்ததை எண்ணிக் காலமெல்லாம் மனம் புழுங்கியிருப்பார், பகைமை வளர்ந்திருக்கும். நிகழ்ந்ததோ நேர்மாறு. சாவியை இழந்தவர் உடையவருடைய திருவடியில் வந்து பணிந்தார். உடையவர், ஆழ்வானையே இவருக்கு ஆசார்யனாக்கி, அவர் திருவடிகளில் இவரைச் சேர்ப்பித்தார். அமுதம் போன்ற தமிழ் பாட வல்லவராகையால் அமுதனார் என்னும் திருநாமமும் நிலைத்தது. கோயில் உரிமை போய் வெறுங்கையோடு நின்ற இவருக்கு, இயற்பா சேவிக்கும் கைங்கர்யத்தை அரையரிடமிருந்து உடையவர் பெற்றுத் தந்தார் என்பது திருவரங்கத்து ஐதிஹ்யம்.

பாட்டு பிறந்தது இதன் பிறகே. முதலில் இவர் ஓர் அந்தாதி பாடிக்கொண்டு வந்தார் என்றும், அது ஏற்கப்படாமல் காவிரியில் போயிற்று என்றும் சொல்லுவர். அந்நூல் ஆழ்வானைப் பாடியது என்பர் ஒரு சாரார். தம் சிஷ்யன் தம்மைப் பாடுவதை ஆழ்வான் பொறாமல், பாடுவதாயின் எம்பெருமானாரைப் பாடும்படி நியமித்தாராம். எம்பெருமானாரையே பாடியது என்பர் மற்றொரு சாரார். ஆழ்வார்களோடு சம்பந்தமின்றித் தம்மை மாத்திரம் புகழ்ந்ததால் எம்பெருமானாரே அதனைக் கிழித்தெறிந்தாராம். எவ்வாறாயினும், தாம் அரிதில் இயற்றிய நூல் கண்ணெதிரே ஆற்றோடு போகக் கண்டும் மீண்டும் எழுத்தாணியை எடுத்தவர் அமுதனார்.

இப்போது கிடைத்துள்ள நூற்றந்தாதியை ஊன்றிப் பார்த்தால் அவர் கற்றுக்கொண்டது விளங்கும். யாப்பு, கட்டளைக் கலித்துறை. ஒற்று நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறும், நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழும் எழுத்து இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிழை. இந்தக் கட்டுக்குள் 108 பாட்டு. ஒவ்வொரு பாட்டிலும் இராமாநுசன் என்னும் திருநாமம். ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம். காயத்ரீ ஜபத்தைப் போல நாள்தோறும் அநுஸந்திக்கத் தக்கது என்பதனால் இதற்குப் பிரபந்ந காயத்ரீ என்னும் பெயரும் உண்டு. முதற்பாட்டே உடையவரை நம்மாழ்வாரின் திருவடி பணிந்து உய்ந்தவராகக் காட்டுகிறது. எட்டாம் பாட்டில் பொய்கையாழ்வார் தொடங்கி, ஆழ்வார் ஒவ்வொருவரையும் சொல்லி, நாதமுனிகளையும் சொல்லி, இருபத்தோராம் பாட்டில் ஆளவந்தாரோடு அவ்வரிசை நிற்கிறது. உடையவரைத் தனியே நிறுத்திப் புகழாமல், இவர்களையெல்லாம் நெஞ்சில் வைத்தவராகவே புகழ்கிறார்.

இந்த நூல் எப்படி உண்டாயிற்று என்பதை அமுதனார் தாமே ஓரிடத்தில் தெரிவித்திருக்கிறார். ஏழாம் பாட்டு அது. அதற்கு முந்திய பாட்டில், பெரும்புலவர் பாடும் பொருளைத் தாம் பாடத் துணிந்ததற்கு நாணுகிறார். உடனே ஏழாம் பாட்டில் அந்தத் தயக்கம் நீங்கிவிடுகிறது. நீங்கியதற்குக் காரணம் கூரத்தாழ்வானைச் சேர்ந்ததே என்கிறார். அவ்விடத்தில் ஆழ்வானுக்கு அவர் இட்ட விசேஷணம் ஒன்று உண்டு. மனிதனை வஞ்சித்து வீழ்த்தும் மூன்று செருக்குகளாகிய குழியைக் கடந்தவர் ஆழ்வான் என்பது. குலச்செருக்கு, தனச்செருக்கு, கல்விச்செருக்கு என்று அம்மூன்றையும் வியாக்கியானக்காரர் எடுத்துக் காட்டுவர். ஆழ்வானுக்கு மூன்றும் உரியவை, மூன்றையும் உதறினார். அமுதனாருக்கும் மூன்றும் இருந்தன. தாம் எந்தக் குழியில் கிடந்தார் என்பதையும், எவர் கைகொடுத்துத் தூக்கினார் என்பதையும் அவர் ஒரே சொல்லில் வைத்துவிட்டார். சாவியைப் பற்றிப் பாட்டில் ஒரு குறிப்பும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு கண்ணனையே உள்ளங்கைக் கனிபோலக் காட்டினாலும் உடையவருடைய திருமேனியை விட்டு வேறொன்று வேண்டேன் என்று பேசுமளவுக்கு அவர் பாட்டு ஏறுகிறது. முடிவில், எத்தனை பிறவி எடுத்து எத்தனை துன்பம் வந்தாலும் உடையவருடைய தொண்டர்களிடத்திலேயே அன்பு மாறாதிருக்கச் செய்ய வேண்டும் என்று வேண்டுகிறார். நம்மாழ்வாருக்கு மதுரகவிகள் கண்ணிநுண்சிறுத்தாம்பு பாடியதுபோல, உடையவருக்கு அமுதனார் வாய்த்தார். இதற்கு மணவாள மாமுனிகள் அருளிய வியாக்கியானத்தைக் காலக்ஷேபமாகக் கேட்பவர்க்கு இதன் ஆழம் விளங்கும்.

இந்நூல் நிறைவேறிய காலத்தில் உத்ஸவம் ஒன்று வந்தது. புறப்பாட்டில் உடையவர் வழக்கமாகப் பெருமாளோடு உடன் எழுந்தருளுவார். அவர் இருந்தால் தம்மைப் பற்றிய பாட்டைச் சேவிக்க இசையமாட்டார். ஆகவே அன்று மடத்திலேயே இருக்கும்படி பெரியபெருமாள் அர்ச்சகர் வாயிலாக நியமித்தருளினார். உடையவர் காரணம் அறியாமல் நியமனத்திற்குக் கட்டுப்பட்டு இருந்துவிட்டார். வீதியில் வாத்தியங்களை நிறுத்தச் சொல்லி, கோஷ்டி 108 பாட்டையும் சேவிக்க, நம்பெருமாள் திருச்செவி சாற்றிக்கொண்டே எழுந்தருளினார் என்று பெரியோர் கூறுவர்.